மில்லிஆம்ப் சரியாக வருகிறது, ஹார்ட் மட்டும் பேச மறுக்கிறது. ஹேண்ட்ஹெல்டு போய்விட்டதா?

பேனல்பூச்சி எழுதியது:

வணக்கம். இன்ஸ்ட்ருமென்டேஷனுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் லைனில் ஆரிஃபைஸ் பிளேட் (நடுவில் துளையுள்ள தகடு), அதில் ஃப்ளோ அளக்க ஒரு டிபி டிரான்ஸ்மிட்டர். தகட்டின் இரண்டு பக்க பிரஷர் வித்தியாசத்தை (டிபி) அளந்து 4–20 மில்லிஆம்ப் கரன்ட்டாக அனுப்பும். ரேஞ்ச் 0–250 மில்லிபார், திரையில் அது மணிக்கு 0–120 கனமீட்டர். இன்னொரு பம்ப் சேர்க்கப் போகிறார்கள், அதனால் 150 வரை காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ரேஞ்சை மாற்றலாம் என்று ஹேண்ட்ஹெல்டை (அதே கம்பியில் ஹார்ட் என்ற டிஜிட்டல் முறையில் டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கைக்கருவி) எடுத்துக்கொண்டு போனால் 'டிவைஸ் கிடைக்கவில்லை' என்று ஒரே பாட்டு. டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் மாட்டிப் பார்த்தேன், பேனலுக்கு வந்து பிஎல்சி (கன்ட்ரோல் கணினி) கார்டு டெர்மினலிலும் மாட்டிப் பார்த்தேன், இரண்டு இடத்திலும் அதேதான். சரி, டிரான்ஸ்மிட்டர்தான் கோளாறு போல என்று அதே மாடல் ஸ்பேரை எடுத்து ஒர்க்‌ஷாப் மேஜையில் 24 வோல்ட் பவர் சப்ளையில் நேராக இணைத்தேன். அதுவும் பேசவில்லை. ஆனால் அடுத்த யூனிட்டில் டிசிஎஸ் (பெரிய கன்ட்ரோல் சிஸ்டம்) இருக்கிறது, அங்கே போய் ஏதோ ஒரு டிரான்ஸ்மிட்டரில் மாட்டினால் இதே ஹேண்ட்ஹெல்டு உடனே பேசுகிறது! எனக்குத் தலை சுற்றுகிறது.

கரன்ட்டில் குறையே இல்லை. மீட்டரில் 11.3 மில்லிஆம்ப், திரையில் 81. ஃப்ளோ ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. ஆனால் டேங்க் ஏறுவதை வைத்துக் கணக்குப் போட்டால் ஃப்ளோ இதைவிட நன்றாகவே குறைவாக வருகிறது. ஆரிஃபைஸ் தேய்ந்துவிட்டது, அதனால்தான் கூடக் காட்டுகிறது என்கிறார்கள். பம்ப் நின்ற பிறகும் திரை பூஜ்யத்துக்கு வராது, 20, 25 என்று ஆடிக்கொண்டிருக்கும். அது வேறு கதை, இப்போதைக்கு விடுங்கள்.

ஒயரிங் இப்படி: டிரான்ஸ்மிட்டரிலிருந்து சுமார் 400 மீட்டர் கேபிள், பேனலில் ஒரு சிக்னல் ஐசொலேட்டர் (பவரையும் அதுதான் கொடுக்கிறது), அங்கிருந்து பிஎல்சி அனலாக் கார்டு. டிரான்ஸ்மிட்டரில் டிஸ்ப்ளே கிடையாது. ஃப்ளோ 40-க்குக் கீழே போனால் பம்ப் ட்ரிப் ஆகும்.

சீனியர் ஒருவர் 400 மில்லிபார் வைத்துவிட்டு பிஎல்சியில் 192 என்று ஸ்கேல் போடச் சொன்னார். 120-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 192 வருகிறது, சரிதானே? ஆனால் முதலில் இது பேச வேண்டுமே.

---

நாளைக்குப்பார்ப்போம் எழுதியது:

டிடி ஃபைல் (அந்தக் கருவியின் மெனுவை ஹேண்ட்ஹெல்டுக்குச் சொல்லும் ஃபைல்) பழசாக இருக்கும். ஹேண்ட்ஹெல்டை அப்டேட் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் சரியானது.

---

250ஓம் எழுதியது:

மேலே சொன்னவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது டிடி பிரச்சினை இல்லை. டிடி இல்லாவிட்டாலும் ஹார்ட் கருவி எதுவானாலும் பொதுவான சில கட்டளைகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், நீ யார் என்று கேட்கும் கட்டளை பூஜ்யம் அதில் முதலாவது. டிடி பழசானால் டிவைஸ் கிடைக்கும், மெனு மட்டும் பாதியாக, ஜெனரிக் என்று வரும். கிடைக்கவே இல்லை என்றால் சத்தமே காதில் விழவில்லை என்று பொருள்.

பேனல்பூச்சி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மேஜையில் 24 வோல்ட்டில் நேராக இணைத்தேன் என்கிறீர்கள் அல்லவா, ரெசிஸ்டர் எங்கே?

ஹார்ட் என்பது 4–20 மில்லிஆம்ப் மேலேயே ஏறி உட்காரும் ஒரு சின்ன அலை. பிளஸ் மைனஸ் அரை மில்லிஆம்ப், 1200 ஹெர்ட்ஸ் வந்தால் 1, 2200 ஹெர்ட்ஸ் வந்தால் 0. சராசரி பூஜ்யம் என்பதால் உங்கள் மீட்டரும் பிஎல்சியும் அதை உணர்வதே இல்லை. டிரான்ஸ்மிட்டர் பேசுவது கரன்ட்டில், ஆனால் ஹேண்ட்ஹெல்டு கேட்பது வோல்டேஜை. கரன்ட் வோல்டேஜாக மாற நடுவில் ஒரு தடை வேண்டும். அந்த அலையின் மொத்த ஆட்டம் 1 மில்லிஆம்ப், அது 250 ஓமில் ஓடினால் கால் வோல்ட் கிடைக்கும், அது போதும். பவர் சப்ளையோ உள்ளே பெரிய கெபாசிட்டரை வைத்துக்கொண்டு இந்த அலைக்கு ஷார்ட் சர்க்யூட் மாதிரி நிற்கிறது. கரன்ட் ஆடுகிறது, வோல்டேஜ் அசையவில்லை. அதனால்தான் மில்லிஆம்ப் சுத்தமாக வந்தும் ஹார்ட் ஊமையாக இருக்கிறது.

லூப்பில் (சப்ளை, கம்பி, டிரான்ஸ்மிட்டர் சேர்ந்த சுற்று) மொத்தம் குறைந்தது 230 ஓம் வேண்டும், வழக்கமாக 250 போடுவார்கள். அதில் 20 மில்லிஆம்ப் ஓடினால் 0.1 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும். சப்ளைக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் தொடராகப் போட்டுவிட்டு, ஹேண்ட்ஹெல்டை ரெசிஸ்டரின் இரண்டு முனையிலோ டிரான்ஸ்மிட்டரின் இரண்டு முனையிலோ மாட்டுங்கள். சப்ளையின் இரண்டு முனையில் மாட்டினால் ஜென்மத்துக்கும் பேசாது. டிசிஎஸ் பக்கம் பேசியதற்குக் காரணமும் இதுதான், ஹார்ட் பேசும் கார்டுகளில் அந்தத் தடை உள்ளேயே இருக்கும்.

மேஜையில் முதலில் செய்து பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஹேண்ட்ஹெல்டு செட்டிங்கில் போலிங் அட்ரஸ் (கருவியைக் கூப்பிடும் முகவரி எண்) பாருங்கள், பல கருவிகள் 0-ஐ மட்டும்தான் தேடும். யாராவது ஸ்பேரில் 1 என்று மாற்றி வைத்திருந்தால் எதிரே நின்றாலும் தெரியாது.

---

பேனல்பூச்சி எழுதியது:

அண்ணா, வேலை செய்கிறது!!! 250 கிடைக்கவில்லை. ஆர்எஸ்-485 லைன் முடிவில் போடும் 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு டிராயரில் கிடந்தது, தொடராக முறுக்கி 240 ஆக்கிப் போட்டேன். மூன்று வினாடியில் ஸ்பேரின் டேக், சீரியல் நம்பர் எல்லாம் வந்துவிட்டது.

ஆனால் அதே உற்சாகத்தில் பேனலுக்குப் போய் பிஎல்சி கார்டு பக்கம் அதே 240-ஐத் தொடராகப் போட்டேன் (ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, பம்ப் நின்றிருந்த நேரத்தில்). அங்கே இன்னும் ஊமைதான். இதற்கு என்ன அர்த்தம்?

---

250ஓம் எழுதியது:

ஐசொலேட்டரின் தவறான பக்கம் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஐசொலேட்டர் உள்ளே வரும் கரன்ட்டை அளந்து, அதே அளவில் புதிதாக ஒரு கரன்ட்டை வெளியே உற்பத்தி செய்கிறது. பிஎல்சிக்குப் போவது அந்தப் புதுக் கரன்ட், டிரான்ஸ்மிட்டரின் கரன்ட் இல்லை. மெதுவாக நகரும் 4–20 மட்டும்தான் தாண்டிப் போகும், 1200, 2200 ஹெர்ட்ஸ் எல்லாம் வாசலிலேயே வடிகட்டப்படும். ஹார்ட்டைத் தாண்டவிடும் ஐசொலேட்டர் தனியாக வருகிறது, டேட்டாஷீட்டில் அதை வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக ரெசிஸ்டர் வர வேண்டிய இடம் ஐசொலேட்டருக்கும் ஃபீல்டு கேபிளுக்கும் நடுவில். ஹேண்ட்ஹெல்டு அதற்கு ஃபீல்டு பக்கம். ஆனால் போடுவதற்கு முன்னால் வோல்டேஜ் கணக்கைப் போட்டுவிடுங்கள், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வது. ஐசொலேட்டர் 20 மில்லிஆம்பில் எத்தனை வோல்ட் கொடுக்கும் என்று டேட்டாஷீட்டில் பாருங்கள், வெளியே 24 என்று எழுதியிருந்தாலும் லோடில் அவ்வளவு வராது. உதாரணத்துக்கு 17 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 22 மில்லிஆம்பில் உங்கள் 240 ஓம் சுமார் 5.3 வோல்ட்டை விழுங்கும். 400 மீட்டர் என்றால் போக வர 800 மீட்டர், ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கம்பியில் அது ஒரு 10 ஓம், அதற்கு 0.2 வோல்ட். மிச்சம் 11.5. உங்கள் டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 10.5 போதும் என்றால் தப்பித்தீர்கள், 12 வேண்டும் என்றால் போச்சு.

போச்சு என்றால் எப்படித் தெரியுமா, உடனே எதுவும் தெரியாது. 6 மில்லிஆம்ப், 10 மில்லிஆம்பில் எல்லாம் அழகாக ஓடும். ஃப்ளோ ஏறி 20-ஐ நெருங்கும்போது வோல்டேஜ் போதாமல் கரன்ட் அங்கேயே மாட்டி நிற்கும். யாரோ ஹார்ட்டுக்காக ரெசிஸ்டர் போட்டு மறந்துபோன லூப் ஒன்றில் மூன்று நாள் இதைத் தேடியிருக்கிறேன்.

---

பழைய_பித்தளை எழுதியது:

தம்பி, நடுவில் குறுக்கிடுகிறேன். பம்ப் நின்றிருந்தபோது கழற்றினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. ரெசிஸ்டர் நுழைக்க லூப்பை வெட்டினால் கரன்ட் பூஜ்யம். அந்த லூப்பில் லோ ஃப்ளோ ட்ரிப் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது செய்திருந்தால் பம்ப் நின்றிருக்கும், உங்களுக்கு அன்று மாலை விளக்கக் கடிதம் எழுதும் வேலை வந்திருக்கும்.

ஹேண்ட்ஹெல்டு எதையாவது மாற்றும் முன் 'லூப்பை மேனுவலில் வைத்தாயா' என்று கேட்கும், அதாவது ஆட்டோ கன்ட்ரோலை நிறுத்தினாயா என்று. நாம் எல்லோரும் அதைப் படிக்காமல் ஓகே அழுத்துவோம். நானும் அழுத்தினேன். லெவல் டிரான்ஸ்மிட்டர் ஒன்றில் லூப் டெஸ்ட் (கரன்ட்டை நாமே ஒரு எண்ணில் பிடித்து வைப்பது) போட்டு 4 மில்லிஆம்ப் வைத்தேன், மேனுவலில் வைக்கச் சொல்லவில்லை. கன்ட்ரோலர் என்ன நினைக்கும்? டேங்க் காலி என்று நினைத்து இன்லெட் வால்வை முழுக்கத் திறந்துவிட்டது. நான் ஆற அமர மீட்டரில் 4.00 வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் டேங்க் வழிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கையில் ஹேண்ட்ஹெல்டு எடுத்தால் முதலில் கன்ட்ரோல் ரூமுக்குத்தான் போன்.

அப்புறம், அந்த ஐசொலேட்டர் வெறும் ஐசொலேட்டரா, அல்லது அபாயப் பகுதிக்கான (தீப்பிடிக்கும் வாயு இருக்கக்கூடிய இடம்) இன்ட்ரின்சிக் சேஃப் பேரியரா (தீப்பற்றாத அளவுக்கு மின்சக்தியை அடக்குவது) என்று பாருங்கள். பேரியர் என்றால் டிராயரில் கிடந்த ரெசிஸ்டரை நுழைக்கும் வேலையே வேண்டாம். ஹேண்ட்ஹெல்டுக்கும் அந்தப் பகுதிக்கான சான்று வேண்டும்.

இன்னொன்று. ரேஞ்ச் மாற்றுவது வேறு, ட்ரிம் வேறு. உங்களுக்கு வேண்டியது மேல் ரேஞ்ச் மதிப்பை மாற்றுவது மட்டும், எத்தனை மில்லிபாருக்கு 20 மில்லிஆம்ப் என்ற வரையறை. அதற்கு பிரஷர் கொடுக்கத் தேவையில்லை, எண்ணைத் தட்டினால் போதும். சென்சார் ட்ரிம் என்பது சென்சாரின் அளவையே திருத்துவது, அதற்குக் கையில் நம்பகமான ரெஃபரன்ஸ் கேஜ் வேண்டும். மெனுவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், குழம்பி ட்ரிம்மைத் தொட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஜீரோ ட்ரிம் மட்டும் செய்யலாம், அதுவும் மேனிஃபோல்டில் (டிரான்ஸ்மிட்டரோடு இருக்கும் வால்வுத் தொகுதி) ஈக்குவலைசிங் வால்வைத் திறந்து இரண்டு பக்கமும் சமமான பிறகு.

---

ஆரிஃபைஸ்_ஆத்மா எழுதியது:

எல்லோரும் ஹார்ட்டிலேயே நிற்கிறீர்கள், கேள்வியில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடக்கிறது, அதை அவர் 'வேறு கதை' என்று தள்ளிவிட்டுப் போகிறார்.

முதலில் 192. அது தப்பு, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஆரிஃபைஸில் டிபி ஃப்ளோவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். டிபியை 1.6 மடங்கு ஆக்கினால் ஃப்ளோ 1.6-இன் ஸ்கொயர் ரூட் மடங்குதான் ஏறும், அதாவது 1.265. 400 மில்லிபாருக்கு 151.8 கனமீட்டர். 150 வேண்டும் என்று கேட்டிருந்தால் திருப்பிப் போடுங்கள்: 150-ஐ 120-ஆல் வகுத்தால் 1.25, அதன் வர்க்கம் 1.5625, அதை 250-ஆல் பெருக்கினால் 390.6 மில்லிபார். அதை மேல் ரேஞ்சாக வைத்துவிட்டு பிஎல்சியில் 150 போட்டால் திரையும் சுத்தமாக இருக்கும். சென்சாரின் மேல் எல்லை அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, ஆரிஃபைஸ் தேய்ந்து கூடக் காட்டுகிறது என்பது. ஆரிஃபைஸின் கூர்விளிம்பு தேய்ந்து மழுங்கினால் டிபி குறையும், ஃப்ளோ *குறைவாக* காட்டும். பிளேட்டைத் திருப்பிப் போட்டாலும் குறைவாகத்தான் காட்டும். கூடக் காட்டுவதற்கு இவை காரணமாக முடியாது. யார் சொன்னார்களோ அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் விஷயம். 11.3 மில்லிஆம்ப் என்றால் 4-ஐக் கழித்து 16-ஆல் வகுக்க 45.6 சதவீதம். திரையில் 81, அது 120-இல் 67.5 சதவீதம். 0.456-க்கு ஸ்கொயர் ரூட் எடுத்துப் பாருங்கள், 0.675 வருகிறது. ஆக பிஎல்சி ஸ்கொயர் ரூட் எடுக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. இப்போது கேள்வி: டிரான்ஸ்மிட்டரும் எடுக்கிறதா? டிபி டிரான்ஸ்மிட்டரில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று ஒரு செட்டிங் உண்டு, லீனியர் அல்லது ஸ்கொயர் ரூட். அது லீனியர் என்றால் 81 உண்மை. ஸ்கொயர் ரூட் என்றால் உண்மையான ஃப்ளோ 120-இல் 45.6 சதவீதம், அதாவது சுமார் 55. டேங்க் கணக்கு எவ்வளவு காட்டுகிறது?

இதில் கொடுமை என்னவென்றால் இரண்டு முறை ரூட் எடுத்தாலும் 0 எப்போதும் 0, 100 எப்போதும் 100. காலிபரேஷன் என்று இரண்டு முனையை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் வாழ்நாள் முழுக்கத் தெரியாது. நடுவில்தான் பொய் சொல்லும், உண்மை 50 என்றால் 70.7, உண்மை 80 என்றால் 89.4. ரேஞ்சில் 25 சதவீத பிரஷர் கொடுத்துப் பாருங்கள், டிரான்ஸ்மிட்டர் லீனியர் என்றால் 8 மில்லிஆம்ப் வரும், ரூட் எடுத்தால் 12 வரும். ஒரே ஒரு புள்ளி போதும்.

பம்ப் நின்ற பிறகும் 25 ஆடுவதும் இதே குடும்பம்தான். டிபியில் அரை சதவீதம் ஜீரோ தள்ளியிருந்தால் ஒரு ரூட்டுக்குப் பிறகு அது 7 சதவீதம், இரண்டாவது ரூட்டுக்குப் பிறகு 26 சதவீதத்துக்கு மேல். டிரான்ஸ்மிட்டரில் பூஜ்யத்துக்கு அருகே ரூட்டைத் தளர்த்தும் அமைப்பு இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், அதனால் உங்கள் 20, 25 பொருந்திப் போகிறது.

கடைசியாக அந்தக் குறைந்த ஃப்ளோ ட்ரிப். திரையில் 40 என்பது 33.3 சதவீதம். இரண்டு ரூட் என்றால் உண்மை அதன் வர்க்கம், 11.1 சதவீதம், 13.3 கனமீட்டர். 40-க்குக் கீழே போகாமல் பம்ப்பைக் காப்பாற்ற வைத்த ட்ரிப் 13-க்குப் போன பிறகுதான் வேலை செய்யும். நான் சொல்வது தப்பாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

---

பழைய_பித்தளை எழுதியது:

ஆத்மா சொல்வது சரி. அந்த 81-ஐப் படித்தேன், கணக்குப் போடத் தோன்றவில்லை, வயசாகிவிட்டது.

தம்பி, ட்ரிப் இருப்பதால் இன்னொன்றையும் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் பழுதானால் கரன்ட்டை எந்தப் பக்கம் தள்ளும் என்று ஒரு ஜம்பரோ செட்டிங்கோ இருக்கும். நாமூர் என்இ 43 என்ற தொழில்துறைப் பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழே அல்லது 21-க்கு மேலே. ட்ரிப்போ குறைந்த ஃப்ளோவுக்கு. டிரான்ஸ்மிட்டர் மேலே தள்ளும்படி வைத்திருந்து பிஎல்சி 21-ஐப் பழுது என்று புரிந்துகொள்ளாவிட்டால், கருவி செத்த பிறகும் 'ஃப்ளோ அமோகம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

---

மாட்பஸ்_பயணி எழுதியது:

சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. இவ்வளவு பாடு எதற்கு, எல்லாவற்றையும் மாட்பஸில் (அளவுகளை நேரடியாக எண்களாக அனுப்பும் டிஜிட்டல் முறை) போட்டுவிட்டால் என்ன? அப்படிப் போட்ட என் டெம்பரேச்சர் கருவி 25 டிகிரி காட்ட வேண்டிய இடத்தில் 0.000 காட்டுகிறது, அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது :)

---

250ஓம் எழுதியது:

ஒரே பதிவில் கேள்விக்கான பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள் :) 25.0 என்ற ஃப்ளோட் (தசம) எண் இரண்டு ரெஜிஸ்டரில் (எண் வைக்கும் அறை) ஹெக்ஸில் 41சி8, 0000 என்று உட்காரும். உங்கள் மாஸ்டர் (கேட்டு வாங்கும் கருவி) அந்த இரண்டையும் இடம் மாற்றிப் படிக்கிறது, அப்போது அது பூஜ்யத்துக்கு மிக மிக அருகில் உள்ள ஒரு எண் ஆகிவிடும், திரையில் 0.000. வேர்டு ஸ்வாப் என்று செட்டிங் இருக்கும், மாற்றுங்கள். அப்படியும் குப்பை வந்தால் ரெஜிஸ்டர் எண் ஒன்று தள்ளியிருக்கிறதா பாருங்கள், மேனுவலில் 40001 என்று போட்டிருப்பது லைனில் 0 ஆகப் போகும். மேலே வேண்டுமென்றால் தனித் திரி ஆரம்பியுங்கள்.

எல்லாம் மாட்பஸ் என்பதைப் பற்றி: ஹார்ட்டின் அழகே ஏற்கெனவே கிடக்கும் இரண்டு கம்பியில் பேசுவதுதான். மெதுவானது, வினாடிக்கு இரண்டு மூன்று கேள்வி பதில்தான் நடக்கும், கன்ட்ரோலுக்கு அது ஆகாது. ஆனால் கன்ட்ரோல் 4–20-இல் போகிறது, ஹார்ட் போகாவிட்டாலும் லூப் ஓடும். மாட்பஸில் லைன் போனால் அதில் தொங்கும் எல்லாமே போகும்.

---

பேனல்பூச்சி எழுதியது:

இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஐசொலேட்டர் சாதாரணமானதுதான், பேரியர் இல்லை, அந்தப் பகுதி அபாயப் பகுதியும் இல்லை. டேட்டாஷீட்டில் ஹார்ட் என்ற வார்த்தையே இல்லை. 20 மில்லிஆம்பில் 17.2 வோல்ட் என்று இருந்தது, அண்ணா சும்மா உதாரணம் என்று சொன்ன எண் கிட்டத்தட்ட அதேதான்! டிரான்ஸ்மிட்டருக்கு 10.5 போதும். பம்ப் மாற்றும் நேரத்துக்குக் காத்திருந்து, பர்மிட் எடுத்து, ட்ரிப்பை முறையாக பைபாஸ் வாங்கி, ஃபீல்டு பக்கம் 240-ஐப் போட்டு மாட்டினேன். உடனே பேசியது.

டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்: ஸ்கொயர் ரூட்.

பிஎல்சி புரோகிராமில் தேடினால் அங்கேயும் ஒரு ஸ்கொயர் ரூட் பிளாக். டேங்க் கணக்கு எப்போதும் 54, 56 என்றுதான் வரும், நாங்கள் அதைத்தான் நம்பாமல் இருந்தோம். நான் வருவதற்கு முன்னால் டிரான்ஸ்மிட்டரை ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள், பழையது லீனியர், புதியது வேறு எங்கோ ரூட்டில் ஓடிக்கொண்டிருந்த கருவி. மாற்றியவர்கள் 0-வும் 100-ம் பார்த்திருக்கிறார்கள். ஆத்மா சார் எழுதியது அப்படியே.

ரேஞ்சை மாற்றப் போனால் 'ரைட் புரொடெக்ட்' என்று தடுத்தது, உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் போர்டில் ஒரு ஸ்விட்ச், அதைத் தள்ளிவிட்டுத்தான் எழுத முடிந்தது. இப்போது ஒரு சந்தேகம்: ரூட்டை எங்கே வைப்பது, டிரான்ஸ்மிட்டரிலா பிஎல்சியிலா? இரண்டு சீனியர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

---

ஆரிஃபைஸ்_ஆத்மா எழுதியது:

டிரான்ஸ்மிட்டரை லீனியர் ஆக்கிவிட்டு பிஎல்சியில் வையுங்கள். நாளைக்கு ஸ்பேர் மாற்றுபவர் புதுக் கருவியை 0–390.6, லீனியர் என்று வைத்தால் முடிந்தது. பிஎல்சி புரோகிராமில் இருந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், டிரான்ஸ்மிட்டருக்குள் ஒளிந்திருந்தால் ஹேண்ட்ஹெல்டு மாட்டினால்தான் தெரியும்.

---

250ஓம் எழுதியது:

நான் எதிர்க்கட்சி. டிரான்ஸ்மிட்டரில் வைத்தால் பிஎல்சி பக்கம் கரன்ட்டும் ஃப்ளோவும் நேர்விகிதம், 12 மில்லிஆம்ப் என்றால் பாதி ஃப்ளோ, நடுராத்திரியில் மீட்டரோடு நிற்பவன் ரூட் போட வேண்டியதில்லை. பூஜ்யத்துக்கு அருகே ஆட்டத்தை வெட்டும் வேலையும் அதுவே செய்யும். ஆனால் இவருடைய யூனிட்டில் மற்ற லூப்கள் எப்படி இருக்கின்றனவோ இதுவும் அப்படியே இருக்கட்டும், அதில் ஆத்மாவோடு சண்டை இல்லை.

---

பேனல்பூச்சி எழுதியது:

மற்ற லூப்களின் புரோகிராமைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ரூட் பிஎல்சியில்தான் இருக்கிறது. அதனால் இதை லீனியர் ஆக்கி, 390.6 வைத்து, ஈக்குவலைஸ் செய்து ஜீரோ ட்ரிம் போட்டு, பிஎல்சியில் 150 ஆக்கிவிட்டோம். பழுதானால் 21-க்கு மேலே தள்ளும்படிதான் இருந்தது, கீழே தள்ளும்படி மாற்றினோம். 97.7 மில்லிபார் கொடுத்து 8.00 மில்லிஆம்ப் வருவதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. பம்ப் நின்றால் இப்போது திரை சுத்தமாக 0. ரெசிஸ்டரை எடுத்துவிட்டேன், அடுத்த முறைக்கு ஹார்ட் தாண்டும் ஐசொலேட்டர் கேட்டிருக்கிறோம்.

பம்ப் ஓடத் தொடங்கி ஃப்ளோ 55-இல் நின்றது. ஐந்து நிமிடத்தில் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன்: "வழக்கமா 81 வரும், இன்னிக்கு 55 தான் வருது, சக்ஷன் ஸ்ட்ரெய்னர் அடைச்சிருச்சா பாருங்க." காலை ஷிப்டிடம் சொன்னது மாலை ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மேனேஜர் வேறு பழைய டோட்டலைசர் (ஓடிய மொத்தத் தண்ணீர்) கணக்குகளை என்ன செய்வது என்று கேட்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதே மாதிரி இன்னும் ஆறு டிபி டிரான்ஸ்மிட்டர் இருக்கின்றன, ஆறும் அதே ஐசொலேட்டர் வழியாகத்தான் போகின்றன. அதில் இரண்டை யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள், எப்போது என்று பதிவு இல்லை. 240 ஓமோடு திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.